ரெண்டு மாதிரி சார்

தாகம் எடுத்தால் மனிதன் தண்ணீர் கேட்பான், அதில் ஆராய ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ரெண்டு மாதிரி சாரைச் சந்திக்கும்வரை. அவர் தண்ணீர் கேட்கும் வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதுவார். பக்கத்து மேஜைக்காரரிடம் ஒன்றைக் காட்டுவார், எதிர் மேஜைக்காரரிடம் மற்றதைக் காட்டுவார். எதற்கு முகம் மலர்கிறது என்று பார்ப்பார். வென்ற வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடுவதற்குள் கேன்டீனைப் பூட்டியிருப்பார்கள். இந்தியாவிலேயே அதிக நேரம் தாகத்தோடு இருந்த வாத்தியார் அவர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன்.

திருமழிசையைத் தாண்டி, ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளும் மறுபக்கம் இன்னும் யாரும் பிளாட் போடாமல் விட்டிருந்த ஒரு வயலுமாக இருந்த இடத்தில் எங்கள் கல்லூரி. அங்கே சார் விளம்பரம், மக்கள் தொடர்பு, ஹெல்த் கம்யூனிகேஷன் என்று மூன்று பாடங்கள் எடுத்தார். மூன்றாவதைப் பெற்றோர்கள் ஏதோ நர்ஸ் படிப்பு என்று நினைத்து, மாத்திரைச் சீட்டோடு வந்து சந்தேகம் கேட்பார்கள். நான் அதே துறையில் ஊடகத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கவிதையும் எழுதுவேன் என்பதால் சார் என்னைக் கவிஞரே என்றுதான் கூப்பிடுவார். சாருக்கு வருகைப் பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. "ரெண்டு மாதிரி இருக்கு, எது நல்லா இருக்கு சொல்லுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிற மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதற்கு?

ஒருமுறை வயிறு சரியில்லை என்று விடுப்புக் கடிதம் எழுதினார். ஒன்றில் "வயிற்றுப்போக்கு காரணமாக" என்று இருந்தது, இன்னொன்றில் "தவிர்க்க இயலாத காரணத்தால்" என்று இருந்தது. இரண்டையும் ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விட்டார். முதலாவதில் நேர்மை இருக்கிறது என்றார்கள் சிலர். இரண்டாவதில் மர்மம் இருக்கிறது என்றார்கள் சிலர். விவாதம் சூடு பிடித்து முடிவு வருவதற்குள் வயிறு தானாகவே சரியாகிவிட்டது. சார் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

அவர் மனைவியை ஒருமுறை கல்லூரி விழாவில் பார்த்தேன். "உங்ககிட்டயும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க! என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு ரெண்டு மாதிரி எழுதி, முதல்ல என் தங்கச்சிகிட்ட டெஸ்ட் பண்ணிட்டுத்தான் எங்கிட்ட வந்தாரு."

"அய்யய்யோ."

"நல்ல வேளை, அவளுக்கு ரெண்டுமே பிடிக்கல" என்றார் அந்த அம்மா, நிம்மதியாக.

இந்த வியாதி அவருக்கு விளம்பரக் கம்பெனியில் பிடித்தது. இளவயதில் அங்கே முகப்பவுடருக்கும் பிஸ்கட்டுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். எதையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு போனால் அங்கே உதைப்பார்கள். இரண்டு எழுதி, தெருவில் போகிறவர்களிடம் காட்டி, ஜெயித்ததைத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். அது அந்தத் தொழிலின் முறை. மற்றவர்கள் எல்லாம் மாலையானதும் அந்த முறையைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினார்கள். சார் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினார்.

அடுத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மக்கள் தொடர்பு அதிகாரி. கேன்டீனில் காலைத் தோசையை நிறுத்திவிட்டு உப்புமா போடப் போகிறார்கள், அதைத் தொழிலாளர்களுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சார் இரண்டு மாதிரி எழுதினார். "வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்: இனி தோசை இல்லை." "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்: இனி சுடச்சுட உப்புமா." யாரிடமாவது காட்டிப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி அடித்துத் தரச் சொல்லி மண்ணூர்பேட்டை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார். அச்சகக்காரர் இரண்டையும் கட்டுக் கட்டாக அடித்துவிட்டார், வாட்ச்மேன் இரண்டையும் கேட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். காலை ஷிப்டு வாசலில் நின்றது.

"இன்னா சார், நாங்க அயுவுணுமா, சிரிக்கணுமா? ஒண்ண முடிவு பண்ணிச் சொல்லு நைனா, ஷிப்ட்டுக்கு நேரமாவுது."

உள்ளே மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் மட்டும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

அப்படி வேலை போய்த்தான் அவர் கல்விக்குள் வந்து விழுந்தார். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், "உங்கள் ஆய்வின் முடிவு என்ன?" என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டதற்கு, "ரெண்டு மாதிரி சொல்லலாம் சார்" என்று ஆரம்பித்தாராம். "ஒரு மாதிரி சொல்லுங்க, எனக்கு ரயில் இருக்கு" என்றாராம் அவர். பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பிறகு இணைப் பேராசிரியர் என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. பேராசிரியர் ஆக வேண்டுமானால் கட்டுரைகள் வெளியாக வேண்டும். கட்டுரை வெளியாக வேண்டுமானால் அதை அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டுமானால் இரண்டு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்க்கரை நோய்தான் அவருடைய களம். ஒருமுறை சர்க்கரைக்கு எதிராக ஒரு சுவரொட்டி செய்தார். பெரிய ஜாங்கிரி, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பிஸ்கட் விளம்பரத்தில் பழகிய கை அல்லவா? ஜாங்கிரியில் பாகு சொட்டியது, வெளிச்சம் பட்டு மின்னியது. அதைக் குமணன்சாவடி முனையில் ஒரு இனிப்புக் கடைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு எதிர்ப்புறம் நின்று கவனித்தார். மறுவாரம் கடைக்காரரே சாலையைத் தாண்டி ஓடி வந்தார்.

"சார், அந்தப் படம் இன்னொண்ணு கெடைக்குமா?"

"எதுக்குங்க?"

"போட்டதுலேர்ந்து ஜாங்கிரி நிக்க மாட்டேங்குது சார். அந்தச் செவப்புக் கோடு மட்டும் எடுத்துட்டுக் குடு. இல்லாட்டி கோடு இருந்தாலும் பரவால்ல, யாரும் அத்தப் பாக்கல."

சார் அன்று கல்லூரி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே சாலை ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் கல்லூரிக்குப் போகிற பெங்களூர் சாலைக்கு உட்காரத் தெரியாது. லாரி உறுமும், மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டுவார்கள், மூடுவார்கள், மூடியதை மறந்து மறுபடி தோண்டுவார்கள், தூசி எழுந்து யாரையோ தேடுவதுபோல் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். அந்தச் சாலையில் நாங்கள் எல்லோருமே பாதி வழியில் இருந்தோம். சார் மட்டும் இரண்டு பாதி வழிகளில்.

அந்தக் கல்லூரி பஸ்ஸை ஓட்டியவர் கோதண்டம். திருமழிசைக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அதே நிலத்தின் மேல் போட்ட சாலையில் மகன் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். சாருக்கு மிகப் பிடித்த பரிசோதனை எலி கோதண்டம்தான். ஏனென்றால் கோதண்டத்துக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரை போடும் பழக்கம் இல்லை, வாய் இருந்தது.

சர்க்கரைக்காரர்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சார் இரண்டு சுவரொட்டிகள் செய்து, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த ரெக்ஸின் தட்டியில் மாட்டினார். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. பசை போட்டு ஒட்டினால் மாற்ற முடியாதே. அதனால் போர்டில் குத்துகிற பின்களால் குத்தினார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு கோதண்டம்?"

"மொதோ படத்துல அந்தக் கறுத்த காலப் பாத்தா ஊட்ல சோறு எறங்கல சார். இந்தப் படத்துல புருசன் பொண்டாட்டி சிரிச்சிகினே கால் கயுவுறாங்க. சோப்பு விளம்பரமாட்டம் கீது."

"ரெண்டுல எதைப் பார்த்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தோணுது?"

"எத்தையும் பாக்காத போதுதான் சார் நிம்மதியா கீது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. சாரும் சிரித்துக்கொண்டே அந்த வாரத்துப் படத்தைக் கழற்றுவார். பின் ஒன்றிரண்டு உருண்டு இருக்கைக்கு அடியில் போகும். யார் தேடுகிறார்கள்?

ஆடி பிறந்திருந்தது. ஒரு நாள் காலை கோதண்டம் வழியில் டீ குடிக்க இறங்கிவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்தார். பின்னால் ஒரு பெண் கத்தினாள்: "அண்ணா, உங்க செருப்பு ஒண்ணு ரோட்லயே கெடக்கு!"

கோதண்டம் குனிந்து பார்த்தார். வலது கால் வெறும் காலாக இருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், தூசியிலும் ஜல்லியிலும் நடந்து வந்து ஏறியிருக்கிறார். மாணவர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "இன்னாண்ணே, காலையிலயேவா?" என்றான் ஒருவன்.

சார் சிரிக்கவில்லை. இறங்கி ஓடினார். செருப்பை எடுத்துக்கொண்டு வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு பின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பச்சைத் தலை. சுவரொட்டி குத்துகிற பின்.

கோதண்டத்தின் கட்டை விரலுக்குக் கீழே பாதத்தில் ஒரு புண், நாலைந்து நாள் பழையதாக, ஓரம் கறுத்து, சீழ் வைத்திருந்தது. அதைக் குத்திய பின்னோடுதான் அவர் இத்தனை நாளும் பிரேக் மிதித்திருக்கிறார். வலிக்கவில்லை. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்வு செத்துப்போகும் என்று சார் வகுப்பில் வருடா வருடம் சொல்வார். நாங்கள் எல்லோரும் அதைப் பரீட்சைக் கேள்வியாகத்தான் அறிந்திருந்தோம்.

"கோதண்டம், இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்."

"ஞாயித்துக்கிழம தீமிதி சார். முடிச்சிட்டு அப்பால போலாம்." கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. "பொண்ணுக்கு நல்லபடியா கொயந்த பொறக்கணும்னு மூணு வருசத்துக்கு வேண்டிக்கினேன். இது மூணாவது. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வெச்சிருவான்."

"இந்தக் காலோட நெருப்புலயா?"

கோதண்டம் பெருமையோடு சிரித்தார். "போன வருசம் கொஞ்சம் கூட சுடல சார். கூட வந்தவன்லாம் ஓடுறான், நான் நின்னு நடந்தேன். ஊரே பாத்துச்சு. ஆத்தா பூவாட்டம் தாங்குனா."

சாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதனுக்கு அவன் வாழ்க்கையிலேயே பெருமையான நாளை எப்படித் திருப்பிச் சொல்வது? அது வரம் இல்லை அய்யா, வியாதி என்று எந்த வாக்கியத்தில் சொல்வது? சொன்னால் ஆத்தாளையும் சேர்த்துப் பிடுங்கின மாதிரி ஆகிவிடாதா?

சார் உடனே தன் வழக்கப்படி இரண்டு மாதிரி எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. புண்ணைச் சார் ஏற்கெனவே கைபேசியில் படம் எடுத்து, பூந்தமல்லியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டியிருந்தார். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "உடனே கூட்டிட்டு வாங்க, ஞாயிறு வரைக்கும் வெச்சிருந்தா கால் தங்காது" என்று சொல்லிவிட்டார். இந்த மனுஷனோ முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு நூலகரிடம் போனார், இரண்டாவதை எடுத்துக்கொண்டு செக்யூரிட்டியிடம் போனார். முதலாவது பயமுறுத்தியது. கால் போனால் வேலை போகும் என்றது. இரண்டாவது ஆத்தாளின் பக்கத்தில் நின்று பேசியது. உடம்பும் அவள் கொடுத்த கோயில்தானே என்றது. நூலகர் அழுதார். செக்யூரிட்டிக்கு விளங்கவில்லை. சார் இரண்டையும் திருத்தினார். பஸ் நிறுத்தத்தில் அந்நியர்களிடம் காட்டினார். கோதண்டமோ பாதம் வீங்கி, செருப்பின் வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளிவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், எதையாவது ஒண்ண சொல்லித் தொலைங்க!" என்று நான் கத்தினேன்.

"தப்பா சொல்லிட்டா மறுபடி காது குடுக்க மாட்டாரு கவிஞரே. ஒரே ஒரு தடவைதான் கேப்பாரு" என்றார். "அது என் பின்னு" என்று மட்டும் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, குமணன்சாவடி சந்திப்பில் பஸ் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது, பின்னால் ஷேர் ஆட்டோக்கள் வண்டுகளைப்போல் இரைந்தன. மஞ்சள் வேட்டியில், காப்புக் கையோடு கோதண்டம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சார் எழுந்து அவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் போய் உட்கார்ந்தார். நான் பின் இருக்கையில். முதல் மாதிரியா, இரண்டாவதா?

"கோதண்டம், கால் போச்சுன்னா வேலை..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "இல்ல, உடம்புங்கிறது ஆத்தா குடுத்த..." நிறுத்தினார். வாய் திறந்தே இருந்தது. முப்பது வருடம் மற்றவர்களுக்காக வாக்கியம் செய்த வாய். அதிலிருந்து, எழுதாத ஒன்று வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு கோதண்டம்."

கோதண்டம் திரும்பினார்.

"அது நான் குத்துன பின்னு. உங்க செருப்புல ஏறினது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. ஒண்ணும் சொல்லத் தெரியல. பயமா இருக்கு."

பின்னால் ஹாரன்கள். பஸ்ஸுக்குள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னா சார், அயுவுறியா?"

"தெரியல."

"ஸ்டூடன்ட்டுங்கோ பாக்குது சார்."

"பாக்கட்டும்."

"யோவ், கண்ணத் தொடை சார்! பாக்க நல்லாவா கீது?" கோதண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே நீட்டினார். கன்டெய்னர் நகர்ந்தது. கியரைப் போட்டார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்: "போன வருசம் நெருப்பு சுடலன்னேன் பாரு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து பாத்தா கொப்புளம். எனக்கும் அப்பலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் கீது. ஊரே கும்புடுது, யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே. பசங்கள எறக்கி உட்டுட்டுப் போலாம். இன்டர்னல் பரீட்ச கீதாமே அதுங்களுக்கு."

இறக்கிவிட்டார். ஆட்டோவில் மூவரும் பூந்தமல்லிக்குப் போனோம். ஒரு விரல் போனது. கால் தங்கியது.

வேண்டுதல் பாக்கி நின்றது. சார் நேராகத் திருமழிசைக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டார். "ஒடம்புக்கு முடியாதவன ஆத்தா எதுக்கு சாமி இழுக்கப் போறா? அவன் பேரால கூழு ஊத்து, போதும்" என்றார் பூசாரி. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அந்தப்பக்கம் ஊர் தீ மிதித்துக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் அண்டாவுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வையோடு சார் நின்றிருந்தார். வரிசை தெரு முனைவரை போய்விட்டது. காரணம் கூட்டம் இல்லை.

"மோர் மிளகாய் வச்சு ஒண்ணு, வெங்காயம் வச்சு ஒண்ணு. ரெண்டு மாதிரி இருக்கு. குடிச்சுப் பார்த்து எது நல்லா இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"யோவ் வாத்யாரே, ஊத்துயா மொதல்ல! வெயில் மண்டையப் பொளக்குது" என்றது வரிசை.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் அந்தப் பஸ் சுவரொட்டி ஆய்வைப் பற்றிக் கேட்டார்களாம். "ரெண்டு மாதிரியும் தோத்துப்போச்சு. மூணாவது ஒண்ணு வேலை செஞ்சுது. ஆனா அதை இன்னொருத்தர்கிட்ட செஞ்சு பார்க்க எனக்குத் தைரியம் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். பதவி வரவில்லை. இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். அந்த ஆய்வு இன்னும் எங்கும் வெளியாகவில்லை. தலைப்பு முடிவாகவில்லையாம்.

கோதண்டம் இப்போது பஸ் ஷெட்டில் சாவி கொடுக்கிறார். காலையில் எல்லோரும் வண்டி எடுக்கும் முன், "கால காட்டு மாமே" என்று ஒவ்வொரு டிரைவரையும் செருப்பைக் கழற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் தருவார். சுவரொட்டி ஒன்றும் கிடையாது.

சார் ஆவடியில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவரை அழைத்தேன். உங்களைப் பற்றித்தான் சார், கொஞ்சம் கேலியும் இருக்கும் என்றேன்.

"எத்தனை மாதிரி எழுதியிருக்கீங்க கவிஞரே?"

"ஒண்ணுதான் சார்."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார்."

பின்னணியில் ஆவடி ரயில் ஒன்று நிற்காமல் போயிற்று.

"பயமா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அனுப்பிடுங்க" என்றார்.